4 அடி 11 அங்குலம், பூசின உடம்பு: எனக்குப் புடவை எடுபடவே எடுபடாதா?

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31. உயரம் 4 அடி 11 அங்குலம். மார்பு 38, இடுப்பு 32, சீட் (பின்புறத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு) 41 என்று அளவுகளையும் கொடுத்திருக்கிறார். பாரிமுனையில் ஒரு சரக்குக் கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை. தினமும் மெட்ரோவில் போய் வருகிறார். கடையில் எந்தக் குர்த்தியைப் போட்டுப் பார்த்தாலும் சீட்டில் பிடிப்பதால் எக்ஸ்எல் எடுக்கிறார். அது தோளிலிருந்து வழிகிறது, நீளம் கணுக்கால் வரை வருகிறது. "அக்கா துணியைப் போட்டுக்கிட்டு வந்த ஸ்கூல் பொண்ணு மாதிரி இருக்கே" என்று அலுவலகத்தில் சொல்கிறார்களாம்.

வருகிற தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். அம்மா பெரிய பார்டர் வைத்த காஞ்சிப் பட்டு எடுக்கச் சொல்கிறார். நிச்சயதார்த்தத்தன்று பெரியம்மா எல்லார் முன்னாலும், "உனக்கெல்லாம் புடவை எடுபடாதுடி, முதல்ல உடம்பைக் குறை" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து துணிக்கடைக்குப் போகவே மனசில்லை என்கிறார் வாசகி. கறுப்பும் நெடுக்குக் கோடும் மட்டும் போட்டால் சரியாகிவிடுமா, 4 அங்குல ஹீல்ஸ் வாங்கலாமா, ஷேப்வேர் போடலாமா, 10 கிலோ குறைத்த பிறகு ப்ளவுஸ் தைக்கக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். ஆண் தையல்காரரிடம் அளவு கொடுக்கக் கூச்சப்பட்டு எப்போதும் பழைய ப்ளவுஸைத்தான் அளவுக்குக் கொடுப்பாராம். போன வருடம் ஒரு பட்டு ப்ளவுஸ் அப்படித்தான் வீணாகிப் போயிருக்கிறது.

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் அளவுகளில் என் கண் முதலில் போனது இடுப்புக்கும் சீட்டுக்கும் உள்ள 9 அங்குல வித்தியாசத்துக்குத்தான். மார்புக்கும் இடுப்புக்கும் 6 அங்குலம். உங்களுக்கு நல்ல இடுப்பு வளைவு இருக்கிறது, அளவாகவும் இருக்கிறது. இவ்வளவு நாளாக அதை ஒரு எக்ஸ்எல் குர்த்திக்குள் வைத்திருக்கிறீர்கள். பார்க்கிறவர்களுக்கு உங்கள் இடுப்பு எங்கே என்றே தெரியாது. மார்பின் அகலமும் சீட்டின் அகலமும்தான் தெரியும், நடுவில் இருப்பதெல்லாம் துணி. தொளதொளவென்று போட்டால் உடம்பு மறையும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மார்பு நிறைந்த உடம்பில் நடப்பது வேறு. துணி மார்பின் முனையிலிருந்து பந்தல் போலத் தொங்கி, உடம்பில் இல்லாத அகலத்தையும் சேர்த்துக் காட்டும்.

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பெண்களின் சராசரி உயரமே 5 அடியை ஒட்டித்தான் இருக்கிறது. நீங்கள் அதற்கு ஓர் அங்குலம் குறைவு, அவ்வளவுதான். கடையில் தொங்கும் துணிதான் நம்மைவிட உயரமான ஒருத்திக்காக வெட்டப்படுகிறது. நம் ரெடிமேட் கம்பெனிகள் ரொம்ப காலமாக அமெரிக்க, பிரிட்டிஷ் அளவு அட்டவணைகளைக் கொஞ்சம் திருத்தித்தான் பயன்படுத்தி வந்திருக்கின்றன. அதை மாற்றத்தான் மத்திய ஜவுளி அமைச்சகமும் நிஃப்ட் என்ற ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமும் 'இந்தியா சைஸ்' என்று சென்னை உட்பட ஆறு நகரங்களில் ஆட்களை அளக்கும் ஆய்வை எடுத்துக்கொண்டன. ட்ரயல் ரூமில் கண்ணாடி முன்னால் நின்று "என் உடம்பு சரியில்லை" என்று நினைத்த ஒவ்வொரு முறையும் நீங்கள் இதைத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

தோளிலிருந்து ஆரம்பியுங்கள்

ரெடிமேட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தோள். தோளில் வரும் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் உட்கார வேண்டும். உங்கள் உயரத்துக்குத் தோள் பெரும்பாலும் பதிமூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். எக்ஸ்எல் குர்த்தியின் தோளோ பதினைந்துக்கு மேல். அதனால்தான் இரண்டு பக்கமும் சரிகிறது. மெட்ரோவில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் முழுக் குர்த்தியும் கூடவே ஏறுகிறது. எம்.சி. ரோட்டில் குர்த்தி வாங்கியதும் பக்கத்திலேயே மிஷின் போட்டிருப்பவரிடம் கொடுத்து சைடு பிடித்து வாங்கிக்கொள்கிறோம். சைடு பிடித்தால் மார்பும் இடுப்பும் குறையும். தோள் அப்படியேதான் இருக்கும்.

உங்கள் 38 மார்புக்கு 40 அளவுள்ள எல் சைஸே போதும். அது சீட்டில் பிடிக்கிறது என்பதுதான் உங்களை எக்ஸ்எல்லுக்குத் தள்ளியிருக்கிறது. பிடிப்பதற்குக் காரணம் ஸ்லிட். உயரமானவர்களுக்கு இடுப்பெலும்பருகே திறக்கிற ஸ்லிட், உங்களுக்கு சீட்டின் அகலமான இடத்தையும் தாண்டிக் கீழேதான் திறக்கிறது. எல் சைஸை எடுத்து, ஸ்லிட்டை 2 அங்குலம் மேலே பிரித்து அடிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. உங்கள் குர்த்திப் பிரச்சினையில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது நீளம். கடையில் வருவது 44, 46 அங்குலம். உங்களுக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே என்றால் 35 அல்லது 36 அங்குலம்தான். கீழே மடித்து அடித்துவிடலாம். ஆனால் இடுப்பு வளைவு கொடுத்து வெட்டிய குர்த்தியில் அந்த வளைவு உங்கள் இடுப்புக்கு 2 அங்குலம் கீழே விழும். கீழே எவ்வளவு வெட்டினாலும் அது மேலே ஏறாது. தெரிந்த தையல்காரராக இருந்தால் தோள் தையலைப் பிரித்து மேலே தூக்கி, ஆர்ம்ஹோலையும் கழுத்தையும் மறுபடி வெட்டித் தருவார். ஆனால் அந்தக் கூலிக்குப் புதுசே தைத்துக்கொள்ளலாம். அலுவலகம் பாரிமுனையில்தானே இருக்கிறது? மதிய இடைவேளையில் கோடவுன் தெரு வரை நடந்து காட்டனோ ரேயானோ இரண்டரை மீட்டர் வாங்கி, முன்னும் பின்னும் பிரின்சஸ் கட் (மார்பு வழியாக நெடுக்காக இறங்கும் வளைவுத் தையல்) வைத்து ஒன்றைச் சரியாகத் தைத்துப் பாருங்கள். அது பொருந்திவிட்டால் அந்த அளவையே எல்லாத் துணிக்கும் வைத்துக்கொள்ளலாம். சரியாகப் பொருந்துகிற நாலு குர்த்தி, பீரோ நிறையத் தொங்குகிற இருபதைவிட உங்களுக்கு உதவும்.

மார்புக்குக் கீழே சுருக்கம் வைத்த குர்த்திகளை மட்டும் யோசித்து எடுங்கள். அந்தச் சுருக்கம் மார்பில் ஆரம்பித்து வயிறு வரை துணியைத் தள்ளி நிறுத்தும். நம் ஊரில் "என்ன, ஏதாவது விசேஷமா?" என்று கேட்டே விடுவார்கள்.

கீழே போடுவது மேலே போடுவதன் நிறத்தையே ஒட்டி இருந்தால் உருவம் நடுவில் உடையாது. கணுக்காலில் நிற்கும் நேரான பேன்ட் உங்களுக்கு அழகு. அகலப் பலாஸோ கொஞ்சம் பாரம்தான். துப்பட்டா இரண்டரை மீட்டர் இருந்தால் அரை மீட்டர் வெட்டிவிடுங்கள்.

இன்னொன்று, கூச்சப்படாமல் கேளுங்கள். பிரா. குள்ளமான உடம்பில் மார்புக்கும் இடுப்புக்கும் இடையே உள்ள தூரமே கொஞ்சம்தான். தொய்ந்துபோன பிரா அதையும் விழுங்கிவிடும். பாரத்தைத் தாங்க வேண்டியது அடியில் சுற்றி வரும் பட்டி. தோள் பட்டை இல்லை. உங்கள் தோளில் பட்டை பதிந்து குழி விழுகிறது என்றால் அடிச் சுற்று பெரிசு, கப் சிறிசு என்று அர்த்தம். பெண்கள் அளவெடுத்துத் தரும் கடைக்குப் போய் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். ப்ளவுஸ் அளவு கொடுக்கும் முன்னால் இது நடக்க வேண்டும்.

கறுப்பும் நெடுக்குக் கோடும்

நெடுக்குக் கோடு ஒல்லியாகக் காட்டும் என்பது காலங்காலமாகச் சொல்லி வருவது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, படுக்கைக் கோடுகள் நிரப்பிய சதுரம்தான் உயரமாகவும் ஒடுக்கமாகவும் கண்ணுக்குத் தெரிகிறது என்று காட்டினார். யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் அதை உடைகளிலும் சோதித்துப் பார்த்து, படுக்கைக் கோடு குண்டாகக் காட்டுவதில்லை என்று எழுதினார்கள். என் அனுபவத்தில் உங்களைப் போன்ற உடம்பில் அழுத்தமான நெடுக்குக் கோடு மார்பிலும் சீட்டிலும் வளைந்து, எங்கே மேடு என்று கோடு போட்டே காட்டிவிடும். அதைவிடக் கழுத்திலிருந்து கீழ்வரை இறங்கும் ஒரே ஒரு கோடு நல்லது. ஒரு பட்டன் பட்டி, ஒரு பைப்பிங், ஒரு பக்கமாகப் பின் குத்திய துப்பட்டா, இப்படி ஏதாவது ஒன்று.

கறுப்பு உங்களுக்குப் பிடித்தால் போடுங்கள். மறைந்துகொள்வதற்காகப் போடாதீர்கள். கன்டெய்னர் லாரிப் புழுதியில் நடந்து போகிற நமக்கு அடர் நிறம் வசதி என்பது எனக்கும் தெரியும். மயில் கழுத்து, அரக்கு, பாட்டில் பச்சை, கத்தரிப்பூ எல்லாமே அடர் நிறங்கள்தானே!

தம்பி கல்யாணப் புடவை

புடவை உங்களுக்கு எடுபடும். ஏன் இதுவரை எடுபடவில்லை என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். புடவையின் அகலம் 46, 47 அங்குலம். உங்கள் இடுப்பிலிருந்து தரை வரை, 2 அங்குல ஹீல்ஸோடு சேர்த்தும், 38 அங்குலத்தைத் தாண்டாது. மிச்சம் 9 அங்குலம். அந்த 9 அங்குலமும் இடுப்பைச் சுற்றி உள்ளே செருகப்படுகிறது. கொசுவம் வரும் இடத்தில் அதுவே ஏழெட்டு அடுக்காகிறது. கனமான பட்டு என்றால் வயிற்றில் தனியாக ஒரு மேடே வந்துவிடும். "வயிறு தெரியுது" என்று மற்றவர்கள் சொல்வதில் பெரும்பங்கு இந்தத் துணிதான்.

இதற்கு வழி இருக்கிறது. கட்டுவதற்கு முதல் நாளே புடவையின் மேல் விளிம்பை 4 அங்குலம் உள்பக்கமாக மடித்து, கொசுவத்தையும் முந்தானை மடிப்பையும் எடுத்து, அயர்ன் செய்து வைத்துவிடுவது. ப்ரீ-ப்ளீட்டிங் என்று இப்போது சென்னை முழுக்கச் செய்து தருகிறார்கள். உங்கள் உயரத்தைச் சொல்லிக் கொடுத்தால் அதற்கேற்ப மடிப்பார்கள். கொசுவம் ஐந்து போதும். செருகும்போது தொப்புளுக்கு நேராக வைக்காமல் சற்று இடப்பக்கம் தள்ளுங்கள். முந்தானை மடிப்பு 4 அங்குல அகலம், பின்னால் முழங்கால் வரை. தரையைத் தொடும் நீள முந்தானை உங்களை இன்னும் குள்ளமாக்கும்.

உள்பாவாடையை மறந்துவிடாதீர்கள். கடையில் 38, 40 நீளத்தில் வருவதைக் கட்டி மேலே சுருட்டி வைத்தால் அங்கேயும் ஒரு சுற்று தடிக்கும். 36 அங்குலத்துக்கு வெட்டி, கீழே ஒடுங்கி வரும் ஃபிஷ் கட்டில் தைத்துக்கொள்ளுங்கள். நாடாவுக்குப் பதில் 2 அங்குல அகலப் பட்டி வைத்து ஹூக் போடச் சொல்லுங்கள். ஒல்லி நாடாவை இறுக்கிக் கட்டினால் சதை மேலும் கீழும் பிதுங்கும், அது ப்ளவுஸுக்குக் கீழே தெரியும். உடம்புக்கும் நல்லதில்லை. ஆண்டுக்கணக்கில் நாடா உரசிய இடத்தில் ஆறாத புண் வந்து, தோல் புற்றுநோயாக மாறிய இரண்டு வயதான பெண்களைப் பற்றி மகாராஷ்டிர, பீகார் மருத்துவர்கள் 2024-ல் மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். அது மிக மிக அரிது, பயப்பட வேண்டாம். ஆனால் நம் ஊர் வியர்வையில் நாடாத் தழும்பு கறுத்துப்போய், அரிப்போடு இருக்கும் பெண்கள் நிறைய. புண் இருந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது அம்மாவின் பெரிய பார்டர். 8 அங்குல பார்டர், உங்கள் 38 அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதுவும் வேறு நிற பார்டராக இருந்தால் முழங்காலுக்குக் கீழே குறுக்கே வெட்டினது போல இருக்கும். 2, 3 அங்குல பார்டர்தான் என் முதல் யோசனை. அம்மா மனசு கேட்காது என்றால் பெரிய பார்டரே எடுங்கள், உடல் நிறத்திலேயே வரும் பார்டராகப் பாருங்கள். சரிகை இருந்தாலும் கண் நடுவில் நிற்காமல் கீழே இறங்கும். ஆரணிப் பட்டு, சாஃப்ட் சில்க் போன்றவை கனம் குறைந்தவை, உடம்போடு இறங்கும். முகூர்த்தத்துக்குக் காஞ்சிப் பட்டேதான் என்றால் கடையில் மடிப்போடு பார்த்து எடுத்துவிடாமல், பிரித்துத் தோளில் போடச் சொல்லி, நிமிர்ந்து நின்று முழுக் கண்ணாடியில் பாருங்கள். ஆர்கன்சாவும் கஞ்சி போட்ட காட்டனும் விறைத்து நிற்கும். அவை இந்தக் கல்யாணத்துக்கு வேண்டாம்.

ஆரி வொர்க்குக்கு முன்னால் ஒரு ட்ரயல்

இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். பழைய ப்ளவுஸை அளவுக்குக் கொடுக்காதீர்கள். அதில் உள்ள தப்பெல்லாம் புதுசிலும் வரும். பல இடங்களில் மார்புச் சுற்றை அளந்து, அந்தக் கணக்கிலேயே தோளையும் கழுத்தையும் வெட்டிவிடுகிறார்கள். 38 மார்புக்குப் பொருந்தும் தோள் உங்களுக்கு அகலம். அதனால்தான் கழுத்து விரிந்து தோள் இறங்குகிறது. அக்குளுக்குக் கீழே, மார்புக்கு மேலே சுற்றி ஓர் அளவு எடுக்கச் சொல்லுங்கள். தோளும் ஆர்ம்ஹோலும் அந்த மேல் மார்பு அளவுக்கு. கூடுதல் இடம் முன்பக்க டாட்டில் (மார்புக்கு இடம் கொடுக்க மடித்து அடிக்கும் தையல்) மட்டும். தோளிலிருந்து டாட் பாயிண்ட், அதாவது மார்பின் முனை, எவ்வளவு தூரம் என்பதையும் தனியாக அளக்க வேண்டும். உங்கள் உயரத்துக்கு அது சற்று மேலேயே வரும்.

ஆரி வொர்க் (கொக்கி ஊசியில் செய்யும் எம்பிராய்டரி) போடுவதாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். துணியில் ப்ளவுஸின் அளவை வரைந்து, சட்டத்தில் கட்டி வேலை செய்த பிறகுதான் வெட்டித் தைக்கிறார்கள். கழுத்தோ கையோ தப்பாக வரைந்திருந்தால் பிறகு பிடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. அதனால் முதலில் லைனிங் துணியில் ஒரு ப்ளவுஸ் தைத்துப் போட்டுப் பார்த்து, திருத்தி, அந்த அளவை ஆரி போடுபவரிடம் கொடுங்கள். நூறு இருநூறு ரூபாய் கூடுதல் செலவில் ஆயிரக்கணக்கான ரூபாய் வேலை பிழைக்கும். கனமான டிசைனை முதுகில் வையுங்கள். கை முழங்கைக்குச் சற்று மேலே முடியட்டும். மார்பின் முனைக்கு நேராக முடியும் கை, அந்த இடத்தில் அகலத்தைக் கூட்டும். ப்ளவுஸ் நீளம் 13 அங்குலத்தை ஒட்டி இருக்கட்டும்.

அளவு கொடுக்கக் கூச்சம் என்றால் அது நியாயமான கூச்சம். பெண் தையல்காரரிடம் போகலாம். ஆண்கள் கடை என்றால் பெண் உதவியாளர் அளக்கட்டும் என்று கேட்கலாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாம், பிடிப்பான டாப் போட்டுக்கொண்டு அதன்மேல் அளக்கச் சொல்லலாம். டேப்பைப் பிடிக்கும் விதம் பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வர உங்களுக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. அளவும் டெலிவரி தேதியும் எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். காசு வாங்கித் தைத்துத் தருவதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவைதான். துணியைக் கெடுத்துவிட்டு நஷ்டஈடு தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

ஹீல்ஸ், ஷேப்வேர், அந்த 10 கிலோ

4 அங்குல ஹீல்ஸ் வேண்டாம். மண்டபத்தில் நாள் முழுக்க ஓடியாடப் போகிறவர் நீங்கள், மாப்பிள்ளையின் அக்கா. தாம்பாளத்தோடு படியேறும்போது கால் பிசகினால் என்ன ஆவது? 2 அங்குல பிளாக் ஹீல்ஸ் போதும். அதைப் போட்டுக்கொண்டுதான் உள்பாவாடை நீளத்தை அளக்க வேண்டும்.

ஷேப்வேர் போடுவது தப்பில்லை. ஆனால் நைலான், ஸ்பான்டெக்ஸ் துணியில் நம் ஊர்ப் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரம் இருக்க முடியாது. மூச்சு முட்டும், சாப்பிட்டதும் நெஞ்செரியும், வேர்க்குருவும் வரும். ரிசப்ஷனுக்கு இரண்டு மூன்று மணி நேரம் என்றால் சரி. உங்கள் அளவிலேயே வாங்குங்கள், ஒரு சைஸ் குறைத்து வாங்கினால் ஓரங்களில் பிதுங்கும்.

10 கிலோவுக்காக ப்ளவுஸைத் தள்ளிப்போடாதீர்கள். தை முகூர்த்தத்துக்கு முன்னால் எல்லாத் தையல் கடையிலும் துணி குவிந்திருக்கும். கார்த்திகைக்குள் ட்ரயல் முடிந்திருந்தால்தான் நிம்மதி. இன்றைய உடம்புக்குத் தையுங்கள். பக்கத் தையலில் ஒன்றரை அங்குலம் உள்ளே விடச் சொன்னால் ஏறினாலும் இறங்கினாலும் சரிசெய்துகொள்ளலாம். எடை குறைக்க வேண்டுமா என்பதை ஒரு மருத்துவர் உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்லட்டும். பட்டினி கிடந்து, கல்யாணத்தன்று கண் இருண்டு உட்கார வேண்டாம். பெரியம்மா மறுபடி ஆரம்பித்தால், "புடவை எடுத்தாச்சு பெரியம்மா, நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அவர் சொன்னது உங்களை எவ்வளவு நோகடித்திருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. அம்மாவிடம் அதை ஒருமுறை சொல்லிவிடுங்கள்; அக்காவிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியும்.

கடைசியாக, ரிசப்ஷனுக்கு வாடகை லெஹங்கா எடுக்கலாமா என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். எடுக்கலாம். வாடகைப் பாவாடையில் இடுப்புப் பட்டியை மேலே மடித்துத்தான் நீளத்தைக் குறைப்பார்கள், அது உங்களுக்கு ஒத்துவராது. கீழே மடித்துத் தர முடியுமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். உள்ளே பாவாடையை விரித்து நிறுத்தும் கேன்கேன் வலை இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். சோளியின் மேல் துப்பட்டாவை ஒரு தோளில் மட்டும் நேராகப் பின் குத்தி, போட்டோவுக்கு முன்னால் வீட்டிலேயே ஒருமுறை போட்டு உட்கார்ந்து, எழுந்து, கையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.